மூன்று மைக் திரும்பி வந்தால் மொபைல் கவர்

கம்ப்யூட்டர் சாமான் கடையில் மைக் விற்பதைப் போல பேஜாரான வேலை வேறு கிடையாது. மவுஸ் வாங்கியவர் நாலு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மைக் வாங்கியவரோ வீட்டில் தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, "இது என் குரலே இல்லை" என்று சண்டைக்கு வருவார். கவுண்டருக்கு உள்ளே நின்று காலம் தள்ளும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் கடை. முதலாளி ஜாகிர் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். ஸ்ட்ரீமிங், கேமிங், பாட்காஸ்ட் என்று ஊரே பேச ஆரம்பித்துவிட்டது, யூ.எஸ்.பி. மைக் வாங்கி வைக்கலாம் என்று ஆறு மாதம் அவர் காதைக் குடைந்தவள் நான்தான். ஒருவழியாக ஒரு ரேக் ஒதுக்கினார். ஏழு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறேன், என் பேச்சைக் கேட்டு வந்த முதல் சரக்கு அது. அந்த ரேக்குக்கு நானே நீலக் காகிதம் ஒட்டி அழகு பார்த்தேன். பாய் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "மூணு மைக் திரும்பி வந்துச்சுன்னா, ரேவதி, அந்த எடத்துல மொபைல் கவர் மாட்டிடுவேன்."

தட்டினால் கேட்க வேண்டும்

முதலில் வாங்கியவர் கண்டாச்சிபுரத்துக்காரர். ஊரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். சுற்று வட்டாரத்துச் செய்திகளை யூடியூபில் பேசப் போவதாகச் சொன்னார். மைக்கையே தொழிலாக வைத்திருப்பவருக்கு நான் என்ன சொல்லித்தருவது என்று பேசாமல் கட்டிக் கொடுத்துவிட்டேன். என் முதல் தப்பு அது.

மூன்றாம் நாள் "மைக் செத்துப்போச்சு" என்று வந்து நின்றார். கடைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் கொடுத்தேன். ஸ்டாண்டிலிருந்து கழற்றினார். ஐஸ்கிரீம் மாதிரி வாய்க்கு நேரே பிடித்தார். உச்சியில் இரண்டு தட்டு, ஒரு ஊது, அப்புறம் ஒரு "ஹலோ". நான் பொறுமையாக, "மேல பேசக் கூடாதுண்ணே, முன்பக்கமா பேசணும். தட்டக் கூடாது, ஊதக் கூடாது" என்றேன். சோற்றைக் காது வழியாகச் சாப்பிடச் சொன்னவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். முன்பக்கமாகப் பேசி, பதிவான குரலைப் போட்டும் காட்டினேன். குரல் கணீரென்று இருந்தது. அப்போதும் பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டார்: "இருவது வருஷமா கூழ் ஊத்தற திருவிழாவுக்கு மைக் செட் போட்டுக்கினு வர்றேன். தட்டுனா கேக்காதது மைக்கே இல்லம்மா."

விழுப்புரத்து அம்மா

அடுத்தவள் விழுப்புரத்தில் காலேஜ் படிக்கும் பெண். கேம் விளையாடி அதை நேரலையில் காட்டுகிறவள். "எல்லாம் நல்லா கேக்கணும்க்கா" என்றாள். இருப்பதிலேயே கூர்மையான மைக்கை எடுத்துக் கொடுத்து, "அடுத்த ரூம்ல டம்ளர் வெச்சா கூட எடுக்கும்" என்று பெருமை அடித்துக்கொண்டேன். அந்தப் பெருமைக்குத்தான் பத்தாம் நாள் அனுபவித்தேன்.

பெட்டியைத் துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தது அந்தப் பெண்ணின் அம்மா. பெண் விளையாட்டில் எதிரியைச் சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நேரலை என்று தெரியாமல் இந்த அம்மா சமையலறையிலிருந்து பேசியிருக்கிறார். மகள் மூன்று நாளாகத் துவைக்காத நைட்டி, எண்ணெய் பார்க்காத தலை, செஞ்சியிலிருந்து பெண் பார்க்க வரப்போகும் மாப்பிள்ளையின் தொப்பை என்று ஒன்று விடாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாப்பிள்ளையின் தம்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது தனிக்கதை. பாய் மறுபேச்சில்லாமல் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த அம்மா போகிற போக்கில் சொன்னார்: "அவ ஆட்டத்தைப் பாக்க வந்தவங்க பாதி பேரு இப்ப 'அம்மா எங்க, அம்மா எங்க'ன்னு என்னைத்தான் தேடிக்கினு இருக்காங்களாம்."

ஒலக்கூர் மல்லாட்டை

இரண்டு போய்விட்டது. இன்னும் ஒன்று வந்தால் என் ரேக் காலி. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதன் பிறகு யாராக இருந்தாலும் கேள்வி கேட்காமல் மைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். தனி அறையா, நடுவீடா? ஃபேன் ஓடுமா? பக்கத்தில் மாவு மில் இருக்கிறதா? அம்மாவுக்குக் குரல் எப்படி?

ஒலக்கூரிலிருந்து ஒரு விவசாயி அத்தனைக்கும் பதில் சொல்லி வாங்கிப் போனார். மல்லாட்டை என்கிற நிலக்கடலைச் சாகுபடி பற்றி அவரும் அவர் மச்சானும் எதிரெதிரே உட்கார்ந்து பாட்காஸ்ட் பேசுகிறார்கள். ஒரு வாரத்தில் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் படியேறியபோது என் கண் ரேக்குக்குத்தான் போனது. "மச்சான் பேசறது ஒண்ணுமே விழலம்மா" என்றார். விஷயம் சின்னது. மைக்கின் முதுகு மச்சான் பக்கம் இருந்திருக்கிறது, அது முன்னால் பேசுகிறவரை மட்டும்தான் எடுக்கும். பின்னால் இருக்கும் குமிழைத் திருப்பினால் இரண்டு பக்கமும் எடுக்கும். இதைச் சொல்லிவிட்டு நான் கையை நீட்டியதும் பதறிப்போய்ப் பெட்டியை இழுத்துக்கொண்டார்: "ஐயோ, திருப்பிடாதம்மா! இப்பத்தான் ஜனங்க நல்லாக்கீதுன்றாங்க. அந்தக் குமிழு தானா திரும்பாம எப்படி ஒட்டி வெக்கறதுன்னு கேக்கத்தான் வந்தேன்."

எட்டுப் பேர் சாப்பிடும் ரூம்

நூர் கோட்டக்குப்பத்திலிருந்து வந்தார். கணவர் குவைத்தில் டிரைவர், ஒரு ரூமில் எட்டுப் பேர், முறை வைத்துச் சமைக்கிறார்கள். அவர்களுக்காக இவர் வாரம் ஒரு சமையல் குறிப்பை போனில் பதிவு செய்து அனுப்ப, அது பாட்காஸ்டாகவே வளர்ந்துவிட்டது. என் கேள்விகளை அடுக்கினேன். நடுவீடு, மூன்று பிள்ளைகள், வாசலில் மீன்காரர். விழுப்புரத்து அம்மா கண் முன்னால் வந்து நின்றார். வாய்க்கு நாலு விரல் தள்ளி இருப்பதை மட்டும் எடுத்து மற்றதையெல்லாம் விட்டுவிடும் மைக்காகப் பார்த்துக் கொடுத்தேன். இது திரும்பாது என்று சத்தியமே செய்திருப்பேன்.

இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. "குறையே இல்லீங்க, அதான் குறை" என்றார் நூர். "ரேடியோல யாரோ பேசற மாதிரி இருக்குன்றாரு. முன்ன போன்ல அனுப்பறப்ப குக்கர் விசிலு, மீன்காரரு கூவறது, பசங்க அடிச்சிக்கறது எல்லாம் கேக்குமாம். எட்டுப் பேரும் அதப் போட்டுக்கினுதான் சாப்புடுவாங்களாம். இப்ப நான் மட்டும் பேசறேனாம். சின்னவன் அழுவற சத்தம் கேட்டு ரெண்டு வாரமாச்சுன்றாரு." தப்பான மைக்கைக் கொடுத்துவிட்டேன் என்பது வலித்தது. ரேக் போய்விட்டது என்பதும், உண்மையைச் சொல்கிறேன், அதே அளவுக்கு வலித்தது.

மொபைல் கவர்களை மாட்டுவதற்குக் கொக்கிகளைத் தேடி எடுத்தேன். பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். ரேக்கிலிருந்து இருப்பதிலேயே கூர்மையான மைக்கை எடுத்து நூரிடம் கொடுத்தார். "நடுவீட்டுலயே வைங்க, கதவைச் சாத்தாதீங்க" என்றார். நூர் படியிறங்கிப் போனார். நான் மெதுவாக, "மூணாச்சு பாய்" என்றேன். என் கையிலிருந்த கொக்கிகளை வாங்கி மேஜை டிராயரில் போட்டு மூடினார்: "இது ரிட்டர்ன்ல சேராதும்மா. பதினோரு வருஷம் அந்த மாதிரி ரூம்லதான் நானும் சாப்புட்டேன்."

இப்போது என் கேள்விகளில் "வீட்டுச் சத்தம் உங்களுக்கு வேணுமா, வேணாமா?" என்பதையும் சேர்த்திருக்கிறேன், அதற்கு மட்டும் கல்யாணமானவர்கள் யாரும் சட்டென்று பதில் சொல்வதில்லை.