தலைவரின் கல்லறைக்குப் பின்னால், மூன்றாவது வரிசை

எண்பதுகளின் நடுவில், பீல் நகரக் கடிகாரத் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் ஒரு ஹங்கேரியர் வேலை செய்தார். ஐம்பத்தாறுக் கிளர்ச்சி தோற்றபோது நாட்டைவிட்டு ஓடிவந்தவர். சுவிஸ் கடவுச்சீட்டு எடுத்து நெடுநாளாகியிருந்தது. அகதி மனு முடிவாகாத என்னால் எல்லை தாண்ட முடியாது. அவர் தாண்டலாம், ஆனால் பழைய பயத்தில் தாண்டமாட்டார். என் எரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

அவருடைய தகப்பனின் குழி புடாபெஸ்டின் பழைய மயானத்தில், ஒரு தேசத் தலைவரின் கல்லறைக்குப் பின்னால் இருந்தது. தலைவரை யாரும் அசைக்கமாட்டார்கள். சாதாரண ஆட்களின் குழிக்குத் தவணை உண்டு. யாரும் புதுப்பிக்காவிட்டால் கல்லை அகற்றிவிடுவார்கள். புதுப்பித்துவந்த தமக்கை இறந்துபோனார். கல் இன்னும் நிற்கிறதா என்று தெரியாமல் மனிதர் தவித்தார்.

சுவிஸ்காரியான எங்கள் மேற்பார்வையாளர் அம்மா அந்தச் செப்டம்பரில் பஸ் சுற்றுலாவில் புடாபெஸ்ட் போவதாகச் சொன்னார். குழியைப் படமெடுத்து வருவதாகவும் ஒப்புக்கொண்டார். வழிப்படம் கீறும் வேலை எனக்கு வந்தது. தலைவரின் கல்லறையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டால், ஹங்கேரியர் ஒருநாள் நாற்பது அடி என்பார், மறுநாள் அறுபது என்பார். அடையாளத்துக்குக் கேட்டால், தலைவர் இறந்த ஆண்டுக்கே மூன்று விடை சொன்னார். நகர நூலகத்தில் கலைக்களஞ்சியத்தைப் புரட்டி 1894 என்று நானே குறித்தேன். மூன்று மாலைகள் அதற்கே போயின.

"கொப்பற்றை சாம்பல் கரைச்ச இடத்துக்கும் இப்பிடிப் படம் கீறி வைச்சிருக்கிறீரோ?" என்று என் தகப்பனை இழுத்து அறைத்தோழர் நக்கலடித்தார்.

அம்மா திரும்பி வந்து பன்னிரண்டு படங்களை மேசையில் பரப்பினார். பன்னிரண்டிலும் தலைவரின் கல்லறை. ஏழில் அதன் முன்னால் அம்மா. நாங்கள் கதைத்தது உடைந்த ஜெர்மனில். தமிழில் இப்படி வரும்:

"நான் கீறித் தந்த படம் எங்கை?"

"அவ்வளவு வடிவா இருந்தது, கசங்கிப்போகும் எண்டு வீட்டிலையே வைச்சிட்டுப் போனன்."

ஹங்கேரியரோ தலைவரின் படங்களைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தார். நான் கடிகார வேலைக்கான உருப்பெருக்கியான லூப்பைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தேடினேன். ஒன்பதாவதில், அம்மாவின் தொப்பிக்குப் பின்னால், சாய்ந்த சிலுவையோடு ஒரு சாம்பல் கல் தெரிந்தது. லூப்பை அவரிடம் கொடுத்தேன்.

"ஓம், அப்பாதான்," என்றார். "அதிலை வெள்ளையா என்னவோ ஒட்டியிருக்கு."

அம்மாவும் குனிந்து பார்த்தார். "எங்கடை ஊரிலையும் இப்பிடித்தான் ஒட்டுவினம். தவணை முடிஞ்சுது, சொந்தக்காரர் வரவேணும் எண்டு அர்த்தம். வராட்டில் எடுத்துப்போடுவினம்."

"நீர் ஒருக்கால் போய்…" என்று ஹங்கேரியர் அம்மாவிடம் தொடங்கினார்.

"இனி வேறை ஆரும் போகேலாது, நீங்கள்தான் போகவேணும், அண்ணை!" நான் கத்திவிட்டேன். "என்னட்டை உந்தக் கடவுச்சீட்டு இருந்தால், தகப்பன்ரை குழிக்கு இன்னொருத்தரை அனுப்பமாட்டன்."

அன்று வேலை முடிந்ததும் அவர் விடுமுறை விண்ணப்பத் தாளை என் மேசையில் வைத்து, நிரப்பித் தரும்படி கேட்டார்.

புடாபெஸ்ட் போய் ஆறு நாள் கழித்துத் திரும்பி வந்தார். கல்லில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் கிழித்தாராம், கல்லைக் கழுவினாராம், தவணையை நீட்டினாராம்.

"எந்த ஆண்டு வரைக்கும்?" குறிப்பேட்டைத் திறந்தபடி கேட்டேன்.

"அதை ஆர் பாத்தது?" என்றார்.