திறக்க மறுத்த ரத்தப் பட்டியல்

போன செவ்வாய்க்கிழமை காலை. டிரைவர் முருகேசன் எங்கள் மில் ஸ்டோருக்குள் ஓடிவந்தார். மனைவிக்கு மத்தியானம் ஆபரேஷன். ஓ நெகடிவ் ரத்தம் வேண்டும். ஆஸ்பத்திரியில் கைவசம் இல்லை.

"அண்ணா, நம்ம லிஸ்ட்டுல யாராச்சும் இருப்பாங்களுங்களா?"

சிங்காநல்லூர் மில்லில் யாருக்கு என்ன ரத்தம் என்று பட்டியல் வைத்திருப்பவன், ஸ்டோர் கீப்பரான நான்தான். முதலில் நோட்டு. பிறகு கம்ப்யூட்டர். அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன்...

முந்தின நாள்தான் புது சர்வர் வந்தது. சர்வர் என்றால், குழந்தைகளே, மற்ற கம்ப்யூட்டர்கள் கேட்பதையெல்லாம் எடுத்துக் கொடுக்கும் பெரிய கம்ப்யூட்டர். விவரங்களை அடுக்கி வைக்கும் அலமாரிக்கு டேட்டாபேஸ் என்று பெயர். பட்டியலைத் திறந்தேன். வரவில்லை. வெர்ஷன், அதாவது பதிப்பு, ஒத்துவராது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்தது.

விற்க வந்தவரிடம் கேட்காமலா வாங்கினேன்?

"எங்க லிஸ்ட் இதுல ஓடுமுங்களா?"

"ஓடுமுங்க."

"சரிங்க."

அவ்வளவுதான். எந்த வெர்ஷன் என்று இன்னொரு தடவை கேட்டால், அவரை நம்பாதது போல ஆகிவிடாதா? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

போன் செய்ததும் பீளமேட்டிலிருந்து கம்ப்யூட்டர் இன்ஜினியர் வசந்தா ஸ்கூட்டரில் வந்தார். சர்வரோடு சாஃப்ட்வேர் வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா, இத யாருமே படிக்கலீங்களா? ஏழாவது வெர்ஷன் டேட்டாபேஸ் வேணும்னு போட்டிருக்குது. உங்க லிஸ்ட்டோடது அஞ்சு."

"ரெண்டு நம்பர் வித்தியாசந்தானுங்களே அம்மணி. எப்படியாச்சும் உள்ள தள்ளிப்போடுங்க."

"மில்லிமீட்டர் போல்ட்டுல இஞ்ச் நட்டை மாட்டுவீங்களா?"

மாட்டமாட்டேன். பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். பலவந்தம் செய்தால் இரண்டு மரையும் போச்சு. ஸ்டோர் கீப்பருக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

"பழைய மெஷின் எங்கீங்க?" என்றார் வசந்தா.

அதை உடுமலைப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாகிவிட்டது.

"என்ற வண்டிலதானுங்க இருக்குது" என்றார் முருகேசன் மெதுவாக. "நேத்தே கொண்டுபோயிருக்கணும்... ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சதுல விட்டுப்போச்சுங்க."

இறக்கி வைத்தோம். பழைய மெஷினில் பட்டியல் சமர்த்தாகத் திறந்தது. ஓ நெகடிவ்—ஒரே ஒருவர். நூற்புப் பிரிவு ரங்கசாமி. ஷிஃப்டில் இருந்தவர் தலையில் பஞ்சோடு அப்படியே வேனில் ஏறினார்.

சாயங்காலம் முருகேசன் போன் செய்தார். "கண்ணு முழிச்சுட்டாளுங்ண்ணா."

குழந்தைகளே, இரண்டாவது கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எட்டாவதோடு நின்ற எனக்கு இந்த வயதில்தான் அது தெரிந்தது.

வசந்தாவுக்கு நன்றி சொன்னேன். "ரத்தம் குடுத்தவருக்குச் சொல்லுங்ண்ணா" என்றார். ரங்கசாமியிடம் போனேன். "பேரைத் தேடி எடுத்தாங்களே, அந்தம்மாவுக்குச் சொல்லுங்க" என்றார். இரண்டு பேருமே வாங்கிக்கொள்ளவில்லை.

அதனால்தான் அந்த நன்றியை இந்தப் பத்திரிகையில் எழுதிவிட்டேன்—அச்சில் வந்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பார்கள், பார்க்கலாம்.