வாய்க்கு ஒரு கடிவாளம்

குதிரைச் சவாரிப் பள்ளியில் அவருக்குக் கடிவாளக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. இருபத்தேழு வருடமாக அந்த லாயத்தில் பதினான்கு குதிரைகளுக்கும் காலையில் கடிவாளம் மாட்டுவதும் மாலையில் கழற்றுவதும் அவர்தான். வேறு யாராவது மாட்டப்போனால் குதிரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். இவர் வாயோரத்தில் கட்டை விரலை நுழைத்தால் தானாகத் திறக்கும்.

கடவுள் குதிரையைப் படைக்கும்போதே மனிதனுக்கு வசதி செய்து கொடுத்துவிட்டார் என்பது அவருடைய கட்சி. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் நாலு விரல் அகலத்துக்கு வெறும் ஈறு. இரும்பு போய் உட்காருவது அங்கேதான். குளிர்காலத்தில் இரும்பை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடேற்றித்தான் வாயில் வைப்பார். புதுக் குதிரை வந்தால் நாக்கால் இரும்பைத் தள்ளும், தலையை உதறும், நுரை கக்கும். சவாரி பழக வந்த பிள்ளைகளின் அம்மாக்கள், "பாவம், வலிக்காதா?" என்று கேட்பார்கள்.

"ரெண்டு நாள் தலைய ஆட்டும்மா. அப்புறம் பழகிடும்" என்பார். யார் கேட்டாலும் இதே பதில்தான்.

கடிவாளம் என்ற சொல்லின் மேல் அவருக்கு ஒரு சொந்தம் உண்டு. விலைவாசிக்குக் கடிவாளம் என்று பேப்பரில் போட்டிருந்தால் விட மாட்டார். "விலைவாசிக்கு வாய் எங்க இருக்கு, இவனுங்க எங்க மாட்டுவானுங்க?" என்று லாயம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். ஆசைக்குக் கடிவாளம், செலவுக்குக் கடிவாளம், எதைக் கேட்டாலும் சிரிப்புதான். வாய் இருக்கிற ஒன்றுக்குத்தான் மாட்ட முடியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவர் செய்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

அவர் மனைவிக்கு அக்கம்பக்கத்தில் ரேடியோ என்று பெயர். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது ஆரம்பித்தால் படுக்கிறவரை நிலையம் மூடாது. திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு துணிக்கு அளவு குறிக்கும்போதாவது சும்மா இருப்பாள் என்று பார்த்தால், அப்போதும் மூக்கால் பேசுவாள். கறுப்புத் திரை வாங்குகிறவர்கள் எல்லாம் பகலில் தூங்கும் சோம்பேறிகள், பூப்போட்டது வாங்குகிறவர்கள் வீட்டில் மாமியார் ராஜ்யம் என்று ஆயிரம் ஆராய்ச்சி. கடிவாளக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "ஆரம்பிச்சிட்டியா?" என்பார். அதற்கு மேல் அவருக்குப் பேச வராது. அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

ஒருநாள் சவாரி பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையில் கடிவாளத்து வார் அறுந்தது. குதிரை பிய்த்துக்கொண்டு ஓட, அவள் மணலில் விழுந்து தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டது. வார் இற்றுப்போயிருக்கிறது என்று கடிவாளக்காரர் முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தார். முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளியே கேட்டவர்களிடம் குதிரை மிரண்டது என்று சொல்லிவிட்டார். கடிவாளக்காரரும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் மட்டும் சொன்னார்.

ரேடியோவுக்குத் தாங்குமா? மறுநாள் கடைக்கு வந்த ஒரு அம்மாளுக்கு ஜன்னல் துணி அளந்துகொண்டே, "எங்க வீட்டுக்காரர் தலைதலையா அடிச்சிக்கிட்டாராம், அந்த ஆளு வார மாத்தவே இல்லையாம்" என்று ஒலிபரப்பிவிட்டாள். அந்த அம்மாள் முதலாளியின் மைத்துனி.

முதலாளி அவரை லாயத்தில் எல்லோர் எதிரிலும் நிற்க வைத்தார். "நாலு கால் வாய அடக்கத் தெரியுது, வீட்ல இருக்கிற ரெண்டு கால் வாய அடக்கத் தெரியலையே உமக்கு!" வேலை போகாமல் தப்பியதே பெரிய காரியம். அன்று வீட்டுக்கு மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். கடிவாளக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இனிமே உன் வாய்க்கு ஒரு கடிவாளம் போட்டுக்கோ. இல்லன்னா நானே போடுவேன்."

அவள் தனக்காகத்தான் பரிந்து பேசினாள் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. மருமகன் தரையைப் பார்த்தான். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் கொஞ்சம் பேச்சு வந்தது. ஆனால் முன்போல இல்லை. பாதியில் நிறுத்தினாள். மாதங்கள் போகப்போக அந்தப் பாதியும் தேய்ந்தது. கேட்டால் ஒரு சொல், இல்லாவிட்டால் தலையாட்டல். வீட்டில் கடிகார முள் ஓடுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. மகள் போனில், "அம்மா ஏன்ப்பா பேசவே மாட்டேங்கறாங்க?" என்று கேட்டபோது, "வயசாகுதுல்ல, அடக்கம் வருது" என்றார். மாதம் ஒரு தடவை வருகிற லாடக்காரரிடமும் பெருமையடித்துக்கொண்டார். "கொஞ்ச நாள் பிடிச்சுது. ஆனா கடிவாளம் வேல செய்யுதுய்யா." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்த லாடக்காரர் பிறகு ஒரு தடவை வந்திருந்தபோது சாம்பல் நிறக் குதிரை ஒன்று சரியாகத் தின்னாமல் நின்றது. அவர் குனிந்து குளம்பைச் சீவிக்கொண்டிருக்க, கடிவாளக்காரர் அதன் நாக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்னய்யா அதுக்கு?"

"வாயில புண்ணு. கடைவாய்ப் பல்லு கூராகி நாக்க அறுக்குது. நாலு நாளாவே எனக்குச் சந்தேகம். ஒரு பக்கமாவே மெல்லுது. பாதி மென்னுட்டுக் கீழ துப்புது. தண்ணி குடிக்கறப்ப தலையச் சாய்க்குது. வாய்கிட்ட கைய கொண்டுபோனா மூஞ்சியத் திருப்பிக்கி..."

அவர் முடிக்கவில்லை. லாடக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கடிவாளக்காரர் குதிரையின் நாக்கைப் பிடித்தபடியே நின்றார். தினமும் இரண்டு வேளை எதிரில் உட்கார்ந்து ஒரு பக்கமாக மென்றுகொண்டிருந்தவள் யார்? தட்டோரத்தில் மென்று ஒதுக்கிய உருண்டைகளைக் கையால் மறைத்து எடுத்துப்போனவள் யார்? தண்ணீர் குடிக்கும்போது கழுத்தைச் சாய்த்தவள் யார்? குதிரைக்கு நாலே நாளில் கண்டுபிடித்தவர் அவர்.

கையைக்கூடக் கழுவாமல் திரைச்சீலைக் கடைக்கு ஓடினார். பின்கட்டில் தையல் இயந்திரங்களுக்கு நடுவே அவள் முன் நின்று, "வாயத் திற" என்றார். அவள் மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் கட்டை விரலை அவள் வாயோரத்தில் வைத்தார். பழக்கத்தில் வந்ததுதான். அவள் திறந்தாள். சட்டைப் பையில் இருந்த லாயத்து டார்ச்சை அடித்தார். நாக்கின் இடது ஓரத்தில், போன வருடம் உடைந்த பல்லுக்கு நேராக, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையும் சிவப்புமாய் ஓரம் தடித்த புண். பல் உடைந்தபோது அவள் சொல்லியிருந்தாள். "ஆரம்பிச்சிட்டியா?" என்றுதான் இவர் கேட்டிருந்தார்.

மருத்துவர் எத்தனை நாளாக என்று கேட்டார். அவள் எட்டு விரல்களைக் காட்டினாள். "எட்டு நாளா?" என்றார் மருத்துவர். மாதம் என்று தணிந்த குரலில் சொன்னாள். பிறகு சோதனை, பிறகு அதன் முடிவு, பிறகு அந்த நோயின் பெயர். நாக்கில் பாதியை எடுத்தாக வேண்டும், எடுத்தபிறகு பேச்சு தெளிவாக இருக்காது, யாருக்கும் புரியாமலும் போகலாம் என்று மருத்துவர் கடிவாளக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார்.

"முதல்ல வீம்புதாங்க. அப்புறம் வலி. எப்ப வீம்பு போயி வலி வந்துச்சுன்னு எனக்கே தெரியல."

அறுவைக்கு முந்தைய நாள் பகலில் அவள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். எதிர்க் கட்டிலில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் ஒரு பச்சைத் திரை, ஒரு ஓரம் தையல் பிரிந்து தொங்கியது. பழைய ரேடியோவாக இருந்தால் அந்தத் திரையைத் தைத்தவனின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாள். இவள் பார்த்துவிட்டுச் சும்மா படுத்திருந்தாள்.

கடிவாளம் கழற்றியதும் குதிரைக்குக் காதுக்குப் பின்னால், வார் அழுத்திய இடத்தைத் தேய்த்துவிடுவது அவர் வழக்கம். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவள் காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு தழும்பும் இல்லை. நாளைக்குப் பிறகு அந்தக் குரல் இருக்காது என்ற நினைப்பு அவரை நெஞ்சில் மிதித்தது.

"பேசும்மா," என்றார். "எதையாவது பேசு. அந்தத் திரையப் பத்திப் பேசு. என்னையத் திட்டு. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் பேசு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வாய் ஒரு தடவை திறந்து மூடியது. எதையோ தேடுவதுபோல இருந்தது. பிறகு அவர் கைமேல் கையை வைத்தாள்.

"என்ன பேசறதுன்னு தெரியலைங்க," என்றாள். "பழகிடுச்சு."

பார்வையாளர் நேரம் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அவள் வேறு எதுவும் பேசவில்லை.