ஆடி கழியட்டும் என்றார்

என் வீட்டுக்காரர் என்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகிற ஆள் இல்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அழகர்கோயிலுக்கு ஒரே ஒரு தடவை போனோம். அதுவும் அவருடைய பெரியப்பா பேரனுக்கு மொட்டையடிக்க. அப்படிப்பட்ட மனுஷர் ஆனி மாதத்தில் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"ஏ புள்ள, ஒரு சனி ஞாயிறு புனலூர் போய்ட்டு வருவமா? ஆறு, காடு, தொங்குபாலம்னு அம்புட்டு அழகு. ரெண்டே நாளு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்குச் சிம்மக்கல் பக்கம் ஒரு மரக்கடையில் கணக்குப்பிள்ளை வேலை. தேக்கு எடுக்க முதலாளி அவரைப் புனலூருக்கு அனுப்புவது உண்டு. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, "அட்டைக்கடியும் மழையும்தான் கண்ட மிச்சம், அதெல்லாம் ஒரு ஊரா" என்று திட்டித் தீர்ப்பார். அதே ஊர் திடீரென்று எப்படி அழகாகிப் போனது?

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்ட மாத்திரத்தில் முகவாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆத்தாடி! எங்கிட்டோ இடிக்குதே. மலையாளத்துக்காரி எவளாச்சும் மருந்து வச்சுட்டாளா?"

"மருந்து வச்சவ என்னைய எதுக்குக்கா கூட்டிட்டு வரச் சொல்றா?"

சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் அன்று அவருடைய சட்டையைத் துவைக்கப் போடும் முன் முகர்ந்து பார்த்தேன். மரத்தூள் வாசனை தவிர ஒன்றும் இல்லை.

எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார் வேலை. ரொம்ப நாள் தற்காலிகமாக வைத்து இழுத்தடித்துவிட்டு அந்த வருஷம்தான் நிரந்தரமாக்கியிருந்தார்கள். வீட்டில் யார் புதுசாக எதைச் சொன்னாலும் என் வேலைக்கு உலை வைக்கத்தானோ என்றுதான் முதலில் தோன்றும். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த வேலையும் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

ஆழம் பார்க்கலாம் என்று, "சரி, வர்ற சனிக்கிழமையே போவோம்" என்றேன்.

"இப்ப வேணாம். ஆடி கழியட்டும்" என்றார்.

அங்கேதான் மனுஷர் மாட்டிக்கொண்டார். ஆடி மாதம் வசதியுள்ள மதுரைக்காரர்கள் எல்லாம் குற்றாலத்தில் சாரலில் நின்றுகொண்டிருப்பார்கள். புனலூர் ரயில் தென்காசி வழியாகத்தான் போகிறது. ஆற்றையும் அருவியையும் பார்க்கப் போகிற எவனாவது ஆடி கழியட்டும் என்பானா? கல்யாணம் பேச, நிலம் வாங்க, குடி போக, இதற்கெல்லாம்தான் ஆடி கழியக் காத்திருப்பார்கள். வாயைத் திறக்காமல் நான் கவனிக்க ஆரம்பித்தேன்.

ஆடி பிறக்கும் முன்பே அவர் ஒரு பித்தளைப் பாத்திரம் வாங்கி வந்து பரண்மேல் வைத்திருந்தார். ஒரு நாள் அதை நான் எடுக்கப் போனபோது பதறிப்போய் ஓடி வந்தார்.

"அதத் தொடாத. புதுசாவே இருக்கட்டும். பிரயாணத்துக்கு வேணும்."

ரெண்டு நாள் ஊர் சுற்ற எதற்கு அம்மாம்பெரிய பாத்திரம்? அதையும் விழுங்கிக்கொண்டேன். ஆடி முடிகிற சமயத்தில் அவரே ஆரம்பித்தார். ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டுமாம். பிந்தினால் நல்ல நேரம் போய்விடுமாம்.

"காடு பாக்க எதுக்குங்க நல்ல நேரம்?"

வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். புதுப் பாத்திரம், ஆவணி, நல்ல நேரம். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

"பால் காய்ச்சத்தான் கூட்டிட்டுப் போறீங்களா?"

தலையை ஆட்டினார். முதலாளி அங்கே மரம் அடுக்கிவைக்க ஒரு கிட்டங்கி திறக்கிறார், கூடவே ஒரு வீடும் தருகிறார். சொன்னால் வரமாட்டேன் என்று தெரியும். அதனால் ஊர் சுற்றிப் பார்க்கிற சாக்கில் கூட்டிப்போய் என் கையால் பால் பொங்கவைத்துவிட்டால், பொங்கின வீட்டை விட்டு வர எனக்கு மனசு வராது என்று கணக்குப் போட்டிருக்கிறார்!

"முதலாளி போகச் சொன்னாரா?"

"இல்ல. நானாத்தான் கேட்டேன்."

"ஏன்?"

திருகிய வேட்டி நுனியை உதறினார். பிறகு கொட்டிவிட்டார்.

"சொந்த ஊரு கொட்டாம்பட்டிக்குப் போனா 'டீச்சர் புருசன் வாராரு'ங்கிறாய்ங்க. கடையில கட்டை இறக்குறவன் வரைக்கும் 'டீச்சர் வீட்டுக்காரரே'ங்கிறான். எனக்குன்னு ஒரு பேரு இருக்கா இல்லையா? அங்க உன்னைய ஒருத்தருக்கும் தெரியாது."

மலையாளத்துக்காரி ஒருத்தி இருந்திருந்தால்கூடத் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். இதற்கு யாரோடு போய்ச் சண்டை போடுவது?

"நீங்க போங்க. நான் வேலைய விடமாட்டேன். லீவு விட்டா வாரேன்" என்றேன். பாத்திரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை அவர் மட்டும் ரயிலேறினார். நான் வழியனுப்பவும் போகவில்லை.

சரஸ்வதி பூஜை விடுமுறைக்குத்தான் போனேன். பாவி மனுஷர் பொய் சொல்லவில்லை, ஊர் அழகாகத்தான் இருந்தது. கரை தொட ஓடுகிற ஆறு, அதன்மேல் சங்கிலியில் தொங்குகிற பாலம், நாலு பக்கமும் காடு. வைகை மணலையே பார்த்த கண்ணுக்கு அம்புட்டுத் தண்ணீரை நம்ப முடியவில்லை. வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுச் செங்கோட்டைக்காரம்மா ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் படியேறியதும், "யாரு வேணும்?" என்றாள். சுருக்கென்றது. அவர் ஆசைப்பட்டது இதைத்தானே என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து துண்டை உதறிக்கொண்டு அவர் ஓடி வந்தார். ஆள் இளைத்திருந்தார். அந்த ஊரில் அவர் மரக்கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை, அவ்வளவுதான். அதற்குமேல் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது. நான் வாயைத் திறக்கும் முன்னால் அவர் முந்திக்கொண்டார்.

"நம்ம வீட்டுல. மதுரையில டீச்சரா இருக்காங்க!"

ஒரு தடவை சொல்லி நிறுத்தினாரா என்றால் அதுவும் இல்லை. எதிர் வீட்டிலும் கடைத்தெருவிலும் அதையே சொன்னார். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

அரைப் பரீட்சை விடுமுறைக்கு மறுபடி போனபோது ரயிலடிக்கு அவரே வந்திருந்தார். கூலிக்காரன் என் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவரைப் பார்த்துக் கேட்டான்.

"டீச்சர் வீட்டுக்குத்தானே?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டே, "ஆமாப்பா, நட" என்றார்.