ஆயத்தில்லாத கோப்பை

ஸகியா டீச்சருக்கு முதல் எதிரி பாடப்புத்தகம்தான். மருதமுனையில் தறிச்சத்தத்துக்கு நடுவே படித்து, அந்தத் தெருவிலிருந்து கம்பசுக்குப் போன முதல் பெண் அவர். கல்முனையில் உயர்தர வகுப்புக்கு இஸ்லாமிய நாகரிகம் படிப்பித்தார். அதில் மட்பாண்டக் கலைக்கென்று போனால் போகிறதென்று நாலு வரி. சீனத்துப் பீங்கானைக் கண்டு வாய் பிளந்த ஈராக்கின் பஸறாக் குயவர்கள், தங்கள் களிமண்ணுக்கு வெள்ளைப்பூச்சுப் பூசி அதன்மேல் நீலத்தால் எழுதினார்களாம். பக்கத்தில் ஒரு படம், அதுவும் கறுப்பு வெள்ளை. எப்படிப்பட்ட நீலம் என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் டீச்சர் மைப்போத்தலைத் தூக்கிக் காட்டினார். ஒன்பது வருடம் காட்டினார்.

அந்த நீலம் பாலமுனையில், புருஷனின் தங்கை சுபைறாவின் வீட்டு அலுமாரிக்கு மேல் இருந்தது. கிணறு வெட்டும்போது கிடைத்த, குர்ஆன் வசனம் எழுதிய ‘ஆயத்துக் கோப்பை’ ஒன்று அங்கே இருப்பதை டீச்சரும் கேள்விப்பட்டிருந்தார்; யாரோ ஹஜ்ஜுக்குப் போய்க் கொண்டுவந்து தொலைத்த சாமான் என்று நினைத்து விட்டுவிட்டார். 1981இல் ஒரு கலியாணத்துக்குப் போன இடத்தில், சுபைறா பச்சைப் பட்டுத்துணியை அவிழ்த்துக் காட்டியபோது அவர் கண்டது பாடப்புத்தகத்துப் படத்தை. மங்கிய வெள்ளை. நடுவில் நீலத்தில் மூன்று வரி.

பீங்கானில் ஆயத்து எழுதிக் கரைத்துக் குடிக்கிற ஊருக்கு, எழுதியே கிடைத்த பீங்கான் என்றால் சும்மாவா? காய்ச்சலுக்கும் பேறுகாலத்துக்கும் அதில் ஊற்றிய தண்ணீரை வாங்கிப்போக ஆறு வருடமாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சுபைறாவும் ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கியவள் அல்ல.

டீச்சர் கேட்டது ஒரே ஒரு நாள்தான். வகுப்பில் காட்டிவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொன்னார். ஒளுச் செய்து சுத்தமாகாத கைகளில் ஆயத்தைக் கொடுக்க முடியாது என்றாள் சுபைறா. டீச்சர் நாலு வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போனார். இது பழைய எழுத்து, புள்ளி கிடையாது, ஊரில் ஒருவருக்கும் வாசிக்க வராது, ஆயத்தாக இருக்காது என்று விளக்கினார். குர்ஆனை ஏழு தரம் ஓதி முடித்த தனக்கு அறபு தெரியாதா என்று சுபைறா திருப்பிக் கேட்டாள். ஓதுவது வேறு, விளங்குவது வேறு என்று டீச்சரின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டதை இன்றைக்கும் அவர் பெரிய தியாகமாகச் சொல்வார்.

ஐந்தாம் வெள்ளி, பொறுமை போய், பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்த அப்துல் ஸமட் மௌலவியையே கூட்டிக்கொண்டு போனார். மௌலவி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். முற்றத்தில் அயல்பெண்கள் கூடிவிட்டார்கள்.

“டீச்சர் சொல்றது சரிதான். இது ஆயத்தில்ல. கோப்பைக்காரனுக்கு பறக்கத் உண்டாகட்டும், செழிக்கட்டும் எண்டு செஞ்சவன் எழுதியிருக்கான்” என்றார் அவர்.

டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த வெள்ளி வந்து எடுத்துப்போவதாகச் சொன்னார். சுபைறா சரியென்றாள். அவள் முகம் செத்துப்போனதை டீச்சர் கவனிக்கவே இல்லை. எந்த வகுப்புக்கு முதலில் காட்டுவது என்பதுதான் அப்போது அவருடைய யோசனை.

அடுத்த வெள்ளி பன்புல் பெட்டியில் பஞ்சு நிரப்பிக்கொண்டு போனார். பச்சைப் பட்டு கொடியில் காய்ந்தது. அலுமாரிக்கு மேல் ஒன்றுமில்லை.

கிழமை முழுக்க அயல்பெண்கள் சுபைறாவைக் கேலிசெய்திருக்கிறார்கள், ஆறு வருடமாகக் கறிக்கோப்பையைக் கழுவியா எங்களுக்குக் குடிக்கத் தந்தாய் என்று. வெட்கம் தாங்காமல் அவள் அதைத் தூக்கிக் கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டாள். மாட்டுக்கன்று அதை மிதித்து உடைத்தது. கிணற்றடிக்குக் கொங்கிறீட் போட வந்த மேசன் அடியில் போட ஓட்டுத்துண்டு இருக்கிறதா என்று கேட்க, அள்ளிக் கொடுத்துவிட்டாள்.

“ஆயிரம் வருசத்துச் சாமான் புள்ள” என்றார் டீச்சர்.

“ஆயத்தெண்டு நான் நெனச்சிருந்த காலமெல்லாம் அதுல ஒரு கீறல் விழல்ல மதினி. வெறுங்கோப்பையெண்டு சொன்னது நீங்கதான்.”

டீச்சர் கிணற்றடியில் அப்படியே குந்தினார். சீமெந்து இறுகிப்போயிருந்தது. சுபைறாவை ஏசலாம், மேசனை ஏசலாம், கன்றைக்கூட ஏசலாம். தான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.