சத்தம் கேட்ட பிறகும்

என் உள்ளங்கைக்குக் கீழே அப்பாவின் விலா எலும்பு முறிந்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. பெரிய சத்தமில்லை. காய்ந்த காப்பிக் குச்சியை மிதித்தது போல இருந்தது. குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில், பறித்த காயைச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். கூப்பிட்டேன், உலுக்கினேன், மூச்சில்லை. அத்தை ஜீப்புக்கு ஆள் தேடி இறக்கத்தில் ஓடினார். நான் மண்டியிட்டு, அப்பாவின் நெஞ்சு நடுவில் கைகளை வைத்து அமுக்கத் தொடங்கினேன். அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

மூச்சு நின்றவரின் நெஞ்சை அப்படி அமுக்கச் சொல்லிக்கொடுத்தவர் போடியில் எங்கள் பெண்கள் பள்ளியின் பி.டி. டீச்சர். பயிற்சிப் பொம்மை கிடைக்காததால் சாக்கில் தென்னை நாரைத் திணித்து, பழைய சட்டையொன்றை மாட்டி மைதானத்தில் கிடத்தியிருந்தார். வெட்டுக்காயத்தை எப்படி அழுத்திப் பிடிப்பது, தீக்காயத்தில் ஏன் பேஸ்ட் தடவக் கூடாது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். நாங்கள் சிரித்துக்கொண்டே அமுக்குவோம். "தடவிக் குடுக்கவாடி வந்தே? பாரத்த எறக்கு, வெரசா அமுக்கு" என்று அதட்டுவார். மலையிலிருந்து வரும் பிள்ளைகளை மட்டும் மறுபடி செய்யச் சொல்வார். "ஒங்க ஊருக்கு ஆம்புலன்ஸ் ஏறி வர நேரமாகும். அதுவரைக்கும் ஒங்க கைதான்" என்பார்.

சத்தம் கேட்டதும் என் கைகள் ஒரு கணம் தயங்கின. பிறகு மீண்டும் அமுக்கினேன். ஜீப்பு வரும்வரை, அதன்பின் வளைவுகளில் குலுங்கி இறங்கும்போதும் நிறுத்தவில்லை. போடி ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் தோளைத் தொட்டு, "போதும்மா" என்றார்.

துக்க வீட்டில் அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "மேல ஏறி அமுக்கி எங்கண்ணன் நெஞ்ச ஒடச்சுப்புட்டாளே! சும்மா விட்டுருந்தா பொழச்சுருப்பாரே!" வந்திருந்த பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தையின் சொல்லைவிட அம்மாவின் மௌனம்தான் என்னைக் கொன்றது. நான்தான் அப்பாவைக் கொன்றேன் என்று நம்பத் தொடங்கினேன்.

மறுநாள் டீச்சர் வந்தார். நேராக என் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கியிருந்த என் மணிக்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு டீச்சர்."

"கேட்ட பின்னாடியும் நிறுத்தலையா?"

"நிறுத்தல."

அவர் அத்தையின் பக்கம் திரும்பினார். "அம்மா, ஒங்க அண்ணன் விழுந்தப்பவே மூச்சு நின்னுபோச்சு. போன உசுரத் திருப்பிக் கொண்டாரத்தான் இந்தப் புள்ள கெடந்து போராடுச்சு. சரியா அமுக்குனாலும் எலும்பு ஒடையும். சரியாச் செஞ்சாலும் பல பேரு பொழைக்க மாட்டாங்க." பிறகு என்னிடம், "இத நான் கிளாஸ்ல சொல்லல. பயந்துருவீங்கன்னு விட்டுட்டேன். தப்பு என்மேலதான் தாயி" என்றார். எப்போதும் அதட்டியே பேசுகிறவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவர் போன பிறகு அம்மா எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து, என் மணிக்கட்டில் தேய்த்துவிட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அத்தை அந்தப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. ஆனால் வெகுகாலம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

டீச்சர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். சென்ற ஆண்டு அவர் இறந்துபோன செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் என்னை வந்தடைந்தது. மாரடைப்பாம். வீட்டில் தனியாக இருந்தாராம். எத்தனையோ பிள்ளைகளின் கைகளைப் பழக்கியவருக்கு அந்த நேரத்தில் உதவ ஒரு கையும் பக்கத்தில் இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

இப்போது நான் சிலமலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. முதலுதவி வகுப்பில் எலும்பு முறியலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம், பயிற்சிப் பொம்மையின் மேல் கை வைத்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து கேட்டாள்.

"நீங்க யாருக்காச்சும் செஞ்சிருக்கீங்களா டீச்சர்?"

"எங்கப்பாவுக்குச் செஞ்சேன்."

"பொழச்சுட்டாரா?"

"இல்லம்மா."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகளை எடுக்கவில்லை.

"நான் அமுக்கவா டீச்சர்?" என்றாள்.