உப்பு இறங்காத கல்

கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும் சுவர் அது. விடியற்காலையில் அம்மா பழந்துணியால் துடைப்பாள். அவள் மில்லுக்குக் கிளம்புவதற்குள் மறுபடி வேர்த்திருக்கும். நாற்பதுகளில், சண்டைக் காலத்தில், தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் தெரு ஓலையிலிருந்து கல்லுக்கு மாறிய வருடம். கோடையில் பிடித்த தீயில் ஓலை வீடுகள் அத்தனையும் போய்விட்டன. மழைக்குள் கல்சுவர் எழுப்பாதவன் இடம் பஞ்சுக் கிட்டங்கிக்குப் போய்விடும் என்று இடத்துக்காரர் சொல்லிவிட்டார். மூட்டை சுமக்கிறவர்களும் மில் கூலிகளும் கல்லுக்கு எங்கே போவது? கடலில் வெட்டி எடுத்த பவளப்பாறைக் கல்தான் மலிவு.

அந்தக் கல்லை வெளியில் போட்டு, மழையில் உப்பு இறங்கிய பிறகுதான் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வீடு காயவே காயாது. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டிருந்த அம்மாவுக்குக் கூடுதலாகவே தெரியும்.

"ஒரு மழையாவது பாத்துட்டுக் கட்டலாமே" என்றாள்.

"மழை வந்த பொறவு எடம் ஏது? ஏளா, புள்ளையள வச்சிக்கிட்டு எங்கன போயி நிக்க?" என்றார் அப்பா.

இரண்டு பேரும் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஐப்பசியில் அம்மா மில்லுக்குப் போவது நின்றது. பின்சுவரோரம் பாயில் கிடந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். திருட்டுக்குப் பயந்து அந்தத் தெருவில் யாரும் பின்சுவரில் ஜன்னல் வைக்கவில்லை. ஒரு மத்தியானம் அப்பா வேலைக்குப் போகாமல், பனங்கட்டையை முட்டுக் கொடுத்து, தான் கட்டிய சுவரைத் தானே கடப்பாரையால் உடைத்தார். படுத்திருந்தவள் முகத்துக்கு நேராக உடைத்தார். கடற்காற்று உள்ளே வந்தது.

"இப்பத்தான் மூச்சு எறங்குது" என்றாள் அம்மா. மார்கழி பிறக்கும்வரைதான் இருந்தாள்.

இப்போது அங்கே மாடி வீடுகள். மிஞ்சியிருக்கும் சில பழைய வீடுகளில் ஜன்னல்கள் ஏன் தரையை ஒட்டி இருக்கின்றன என்று கேட்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம் என்று யாராவது அடித்துவிடுவார்கள்.

அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் அடுத்த வீட்டுக்காரர் வந்தார். அவர் தாயாருக்கும் இருமல்.

"அண்ணாச்சி, சன்னல எந்த ஒசரத்துல வச்சிய?"

அப்பாவிடம் அளவு இல்லை. அம்மா கிடந்த இடத்தில் வெறுந்தரையில் படுத்து, முகத்துக்கு நேரே கையை நீட்டிக் காட்டினார். வந்தவர் கயிற்றால் அளந்துகொண்டு போனார். பிறகு தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அப்பா படுத்துக் காட்டினார்.